டீசல் டர்போவுக்கு மின்னணு பூஸ்ட் கட்டுப்பாடு: எந்த இன்ஜினுக்கு எந்த வழி பொருந்தும்?

டீசல் இன்ஜினின் இழுவையைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, பெரும்பாலும், எத்தனை பார் பூஸ்ட் வைக்கலாம் என்பதுதான். (எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைச் சுழற்ற, அதே தண்டில் உள்ள கம்ப்ரஸர் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்புகிறது; இதுவே டர்போ, அந்தக் கூடுதல் அழுத்தமே பூஸ்ட்.) பெட்ரோல் டர்போக்களின் பழக்கத்தில் எழும் இந்தக் கேள்வி டீசலுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. டீசல் இன்ஜினின் திறனைத் தீர்மானிப்பது உள்ளே செலுத்தப்படும் டீசலின் அளவு. காற்று அந்த டீசல் முழுமையாக எரிவதற்கு வழிசெய்கிறது, அவ்வளவே. எடைக் கணக்கில் ஒரு பங்கு டீசல் எரிய ஏறத்தாழ 14.5 பங்கு காற்று போதும் என்றாலும், சிலிண்டருக்குள் கலவை ஒரே சீராக அமைவதில்லை என்பதால், விகிதம் 18-க்கு அருகே இறங்கும்போதே கரும்புகை தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது. குறைந்த சுமையில் அதே இன்ஜின் 50, 60 பங்கு காற்றோடு சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, புகை விடாமல் சுத்தமாக எரித்துக்கொண்டிருக்கும் ஓர் இன்ஜினில் டீசலைத் தொடாமல் பூஸ்ட்டை மட்டும் உயர்த்தினால், சற்றுக் குளிர்ந்த எக்ஸாஸ்ட்டும், அது வெளியேறுவதைத் தடுக்கும் கூடுதல் பின்னழுத்தமும் கிடைக்குமே தவிர, இழுவை குறிப்பிடும்படி கூடாது.

மின்னணுக் கட்டுப்பாட்டின் ஆதாயத்தை உச்ச அழுத்தத்தில் தேடுவது வீண். ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கும் தேவையான காற்று வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தாமதம் குறைகிறதா, வந்த அழுத்தம் இலக்கைத் தாண்டாமலும் அதற்குக் கீழே சரியாமலும் நிற்கிறதா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். அழுத்தமானியின் முள் எதுவரை போகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதே வண்டியை ஓட்டுபவருக்குத் தெரியும் வேறுபாடு. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன்.

காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் கெட்டுப்போன காற்றுப் பாதையைச் சரிசெய்துவிடாது. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள காற்றை, 70 சதவீதச் செயல்திறன் கொண்ட கம்ப்ரஸர் இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது, அது ஏறத்தாழ 118 டிகிரிக்குச் சூடாகி வெளிவருகிறது. அப்படியே இன்ஜினுக்குள் போனால், அழுத்தம் இரண்டு மடங்கு ஆகியும் காற்றின் அடர்த்தி ஒன்றரை மடங்கு மட்டுமே உயர்ந்திருக்கும். இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.84 மடங்கு காற்று கிடைக்கும். அழுத்தமானி இரண்டு நிலைகளிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் வேறு. இன்டர்கூலர் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கும் வண்டியில் பூஸ்ட் கண்ட்ரோலர் பொருத்துவது, அந்தச் சூடான காற்றை இன்னும் சூடாக்கி அனுப்புவதற்குத்தான் உதவும்.

ஹோஸ் கசிவு இதைவிட அபாயகரமானது. அழுத்தத்தை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் எந்த மின்னணுக் கட்டுப்பாடும், இன்டர்கூலர் குழாயில் விரிசல் இருந்து அழுத்தம் குறைந்தால், டர்போவை மேலும் வேகமாகச் சுழற்றி அந்தக் குறையை ஈடுகட்டவே முயலும். சிறிய கார் டர்போக்களின் தண்டு இயல்பாகவே நிமிடத்துக்கு 1,50,000 முதல் 2,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. அதற்கு மேல் தள்ளப்பட்டால் தாங்கியோ கம்ப்ரஸர் சக்கரமோ உடைவதற்கு நெடுநேரம் ஆகாது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டிருக்க, டர்போ தன் எல்லையைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கும். பூஸ்ட் மிகாமல் எக்ஸாஸ்ட் வாயுவை விலக்கிவிடும் கதவான பழைய ஸ்பிரிங் வேஸ்ட்கேட்டிலும் இது நேரலாம்; ஆனால் அங்கே இழுவை குறைந்து, ஓட்டுபவருக்கு ஐயம் எழும். மின்னணுக் கட்டுப்பாடு திறமையாக இருக்கும் அளவுக்குக் கசிவை மறைத்துவிடுகிறது. அதனால் குழாய்களை அழுத்தச் சோதனை செய்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மெக்கானிக்கல் பம்ப், வேஸ்ட்கேட் டர்போ: கையால் திருகும் வால்வா, சோலனாய்டா?

இன்லைன் பம்ப் அல்லது ரோட்டரி பம்ப் கொண்ட பழைய இன்ஜின்களில் டீசலின் அளவை முடிவுசெய்வது பம்பே. டர்போ உள்ள பதிப்புகளில், பம்பின் தலையில் இருக்கும் டயாஃப்ரம் பூஸ்ட் அழுத்தத்தை உணர்ந்து டீசலைக் கூட்டிக் கொடுக்கும். இசியு என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி இல்லாததால், பூஸ்ட்டை மாற்றினால் தடுக்கவோ கோபித்துக்கொள்ளவோ ஆளில்லை. தனியாக விற்கப்படும் மின்னணு பூஸ்ட் கண்ட்ரோலர் உண்மையிலேயே பொருந்தும் இடம் இதுதான்.

சாதாரண வேஸ்ட்கேட்டின் குறை என்ன என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். கதவை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங்கும் டயாஃப்ரமும் இருக்கின்றன. கம்ப்ரஸரிலிருந்து வரும் அழுத்தம் டயாஃப்ரமைத் தள்ள, ஸ்பிரிங் தோற்கும் புள்ளியில் கதவு திறந்து எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றி வெளியே விடுகிறது. 1 பாரில் முழுமையாகத் திறக்க அமைக்கப்பட்ட கதவு, 1 பார் வரை இறுக மூடியிருந்து பிறகு சட்டென்று திறப்பதில்லை; அதற்கு வெகுமுன்பே மெல்ல விலகத் தொடங்கிவிடும். டர்போ வேகம் பிடிக்க ஒவ்வொரு துளி வாயுவும் வேண்டியிருக்கும் நேரத்தில், அந்த இடுக்கின் வழியே வாயு வீணாகிறது. கியர் மாற்றிய பிறகு உணரப்படும் அந்த மந்தத்தின் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது.

மின்சாரத்தால் திறந்து மூடும் மூன்று துளை சோலனாய்டு வால்வு இதைத்தான் சரிசெய்கிறது. ஒரு துளை கம்ப்ரஸருக்கும், ஒன்று ஆக்சுவேட்டருக்கும், ஒன்று வெளிக்காற்றுக்கும் இணைக்கப்பட்டிருக்கும். கண்ட்ரோலர் அதற்கு ஒரு நொடியில் பலமுறை மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும், கொடுக்கும் நேரத்தின் பங்கை, அதாவது டியூட்டி சைக்கிளை, மாற்றுகிறது. இலக்கு தொலைவில் இருக்கும்போது ஆக்சுவேட்டரை வெளிக்காற்றோடு இணைத்து, கதவை ஸ்பிரிங் முழுபலத்தோடு மூடிவைக்க விடுகிறது. இலக்கை நெருங்கும்போது மட்டும் அழுத்தத்தை உள்ளே விட்டுக் கதவைத் திறக்கிறது. உச்ச அழுத்தத்தைக் கொஞ்சமும் கூட்டாமலே இழுவை சீக்கிரம் வருவதற்கு இது போதும். மின்சாரம் அறுந்தால், சரியாக இணைக்கப்பட்ட சோலனாய்டு முழு அழுத்தத்தையும் ஆக்சுவேட்டருக்குக் கொடுத்து, பூஸ்ட்டை ஸ்பிரிங்கின் அளவுக்கு இறக்கிவிடும். மறுபுறம், ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே பூஸ்ட்டைக் குறைக்கச் சோலனாய்டால் முடியாது என்பதால், ஸ்பிரிங்கை மிகக் கடினமானதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு மின்னணுவால் அடக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது.

நேர்மையாகச் சொன்னால், பந்தும் ஸ்பிரிங்கும் கொண்ட கையால் திருகும் வால்வும் இந்த ஆதாயத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. குறித்த அழுத்தம் வரும் வரை அதுவும் சமிக்ஞையை அடைத்துவைக்கிறது. கதவு மூடியே இருக்கிறது. விலையும் மிகக் குறைவு, பழுதாக மின்பாகம் ஏதும் இல்லை. சமதளத்தில், ஒரே மாதிரியான சுமையில், ஒரே மாதிரியான வானிலையில் ஓடும் பழைய இன்ஜினுக்கு இதுவே போதும். மின்னணுவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அழுத்தத்தைச் சிறிது கசியவிடும் திருகு வகை வால்வு வேறு. அது கதவை முன்கூட்டியே விலகவிடும் குறையை முழுதாகத் தீர்ப்பதில்லை, அதை வாங்காதிருப்பதே நல்லது.

மின்னணு வழி வெல்வது நிலைமைகள் மாறும்போது. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 0.8 பார்தான். ஸ்பிரிங்கும் கைவால்வும் வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்றுதான் அளப்பவை. ஆகவே 1 பார் பூஸ்ட் கீழே 2 பார் முழு அழுத்தமாகவும், மலையில் 1.8 பாராகவும் ஆகிறது. காற்று குறைந்ததை மெக்கானிக்கல் பம்ப் முழுதாக அறியாததால், மலையேறும் வண்டி கரும்புகை விடுகிறது. முழு அழுத்தத்தை அளக்கும் சென்சாரோடு இயங்கும் கண்ட்ரோலர் 2 பாரையே பிடித்து நிறுத்தும். அதற்கும் ஒரு விலை உண்டு: அங்கே கம்ப்ரஸர் அழுத்தத்தை 2 மடங்குக்குப் பதிலாக 2.5 மடங்கு உயர்த்த வேண்டும். உள்ளிழுக்கும் காற்று அதே 25 டிகிரியில் இருந்தாலும் வெளிவரும் காற்று 118-லிருந்து 150 டிகிரியைத் தாண்டும். தண்டின் வேகமும் கூடும். எனவே உயரம் ஏறும்போது இலக்கைச் சற்று இறக்கிக்கொள்ளும் வசதி உள்ள கண்ட்ரோலரைத் தேடுவதே அறிவுடைமை. அந்த வசதி இல்லாத மின்னணுக் கருவியைவிட, தானாகவே உயரத்தில் இறங்கிப்போகும் ஸ்பிரிங் டர்போவுக்கு நன்மை செய்கிறது என்று கூடச் சொல்லலாம்.

காமன் ரெயில் இன்ஜின்: தனிக் கண்ட்ரோலரை மறந்துவிடலாம்

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் பூஸ்ட் ஏற்கெனவே மின்னணுவால்தான் கட்டுப்படுத்தப்படுகிறது. இன்ஜின் வேகம், செலுத்தும் டீசலின் அளவு, வெளியழுத்தம், வெப்பம் ஆகியவற்றைப் பார்த்து இசியு ஓர் இலக்கு அழுத்தத்தைக் கணக்கிட்டு, சென்சார் காட்டும் அழுத்தத்தோடு அதை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே தனியாக ஒரு கண்ட்ரோலரைப் பொருத்தி அழுத்தத்தை உயர்த்தினால், இலக்குக்கு மேலே போய்விட்டது என்று இசியு பி0234 என்ற குறியீட்டைப் பதிவுசெய்து, டீசலைக் குறைத்து, வண்டியை லிம்ப் மோடு என்ற குறைந்த திறன் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளிவிடும். ஒரே ஸ்டீயரிங்கை இருவர் பிடித்துக்கொள்வது போலத்தான் இது முடியும்.

ஆகவே இந்த இன்ஜின்களில் உண்மையான போட்டி ட்யூனிங் பாக்ஸுக்கும், இசியுவின் மென்பொருளையே மாற்றி எழுதும் ரீமேப்புக்கும் இடையில். ட்யூனிங் பாக்ஸ் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவே அமர்ந்து, ரெயில் அழுத்தத்தை உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்ட, அதிக டீசல் உள்ளே போகிறது. சில பாக்ஸ்கள் பூஸ்ட் சென்சாருக்கும் இதையே செய்கின்றன. பத்து நிமிடத்தில் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றலாம் என்பது அதன் வசதி. ஆனால் புகை வரம்பு, டர்போவின் பாதுகாப்பு, துகள் வடிகட்டியில் சேரும் கரியின் கணிப்பு என இசியு செய்யும் ஒவ்வொரு கணக்கும் அதன்பின் பொய்யான எண்ணின் மேல் நிற்கிறது. பூஸ்ட் சென்சாரை ஏமாற்றும் பாக்ஸை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ரெயில் அழுத்தத்தை ஏமாற்றுவதைக் காட்டிலும் அது மோசமானது, ஏனெனில் டர்போ எல்லை மீறுவதைக் கண்டுகொள்ளக்கூடிய ஒரே கண்ணையும் அது கட்டிவிடுகிறது.

ரீமேப்பில் இலக்குகளே மாற்றி எழுதப்படுவதால், அளவிடப்படும் எண்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஒழுங்காகச் செய்யப்பட்ட ரீமேப்பில் பூஸ்ட் இலக்கு, புகை வரம்பு, முறுக்குவிசை வரம்பு, ஆக்சுவேட்டருக்கான தொடக்க டியூட்டி ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துமாறு திருத்தப்பட்டிருக்கும்; உயரத்துக்கான திருத்தமும் வெப்பப் பாதுகாப்பும் தொடப்படாமல் இருக்கும். 20 முதல் 30 சதவீதம் வரை திறன் கூடும் என்று விளம்பரங்களில் வரும் எண்ணில் பெரும்பங்கு கூடுதல் டீசலால் வருவது என்பதையும், அந்தக் கூடுதல் டீசலின் வெப்பத்தைப் பிஸ்டனும் டர்பைனும்தான் தாங்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இதைவிட, உச்சத் திறனை அப்படியே விட்டுவிட்டு, 1500 முதல் 2500 சுற்றுகள் வரையிலான பகுதியில் பூஸ்ட் ஏறும் விதத்தை மட்டும் சீர்செய்யும் மிதமான ரீமேப் பெரும்பாலானோருக்கு நல்ல தேர்வு. வாங்கும் முன், செய்பவர் முன்னும் பின்னும் பதிவெடுத்துக் காட்டுவாரா என்று கேட்க வேண்டும். மறுத்தால் வேறு ஆளைத் தேடுவதே மேல். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை முடக்கும் எந்த மாற்றமும் பல நாடுகளில் சாலை வாகனங்களுக்குச் சட்டவிரோதம் என்பதும், உத்தரவாதம் இதனால் கைவிட்டுப் போகலாம் என்பதும் தனிக் கணக்கு.

வேன் மாறும் டர்போ: வேக்குவமா, மின்மோட்டாரா?

வேஸ்ட்கேட்டுக்குப் பதிலாக, டர்பைனைச் சுற்றியுள்ள வேன்களின், அதாவது சிறு தகடுகளின், கோணத்தை மாற்றும் டர்போவில் கட்டுப்பாட்டின் தன்மையே வேறு. குறைந்த வேகத்தில் வேன்கள் நெருங்கி, வாயுவைக் குறுகிய இடைவெளி வழியே விரைவாகப் பாயச்செய்கின்றன. வேகம் கூடக்கூட விலகி வழிவிடுகின்றன. வாயு எதுவும் வீணாக்கப்படுவதில்லை. ஆனால் தேவைக்கு மேல் மூடிவைத்தால் பின்னழுத்தம் பூஸ்ட்டைவிட வெகுவாக உயர்ந்து, இன்ஜின் தன் எக்ஸாஸ்ட்டைத் தள்ளவே உழைக்கும். எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் பூஸ்ட்டின் இரண்டு மடங்கை நெருங்கினால், கிடைக்கும் பூஸ்ட் ஆதாயமா நட்டமா என்று ஐயப்பட வேண்டும்.

பல டீசல் கார்களில் வேன்களை இழுப்பது வேக்குவத்தால், அதாவது வெற்றிட உறிஞ்சலால், இயங்கும் ஆக்சுவேட்டர். அதற்குப் போகும் வேக்குவத்தைச் சோலனாய்டு அளந்து கொடுக்கிறது. இது எளிமையானது, பழுது கண்டுபிடிக்கவும் எளிது: கைப் பம்ப்பை இணைத்து இழுத்தால் கம்பி தடையில்லாமல் நகர்ந்து, நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பாதியில் சிக்கினால் வேன்களில் கரி பிடித்திருக்கிறது. வேக்குவம் குழாய் வெடித்துக் கசிந்தால் பெரும்பாலான அமைப்புகளில் வேன்கள் விலகி, பூஸ்ட் குறைந்து, பி0299 குறியீடு வரும். இழுவை போய்விட்டதே என்று டர்போவையே மாற்றிவிடும் பல வண்டிகளில் கோளாறு கடைசியில் ஒரு சாண் ரப்பர் குழாயாகத்தான் இருக்கும். கம்பியின் நிறுத்தத் திருகைத் தொடுவது மட்டும் கூடாது. மிகக் குறைந்த வாயு ஓட்டத்தைத் தீர்மானிக்கும் அந்த அமைப்பு தொழிற்சாலையில் ஓட்டத்தை அளந்து வைக்கப்பட்டது.

மின்மோட்டார் ஆக்சுவேட்டர் வேகத்திலும் துல்லியத்திலும் தெளிவாக முந்துகிறது. வேக்குவம் சேர்வதற்கும் கசிவதற்கும் ஆகும் நேரம் இல்லை. தான் எந்த நிலையில் இருக்கிறேன் என்பதை அது இசியுவுக்குத் திருப்பிச் சொல்வதால், வேன் சிக்கிக்கொண்டால் உடனே தெரிந்துவிடும். இன்ஜின் பிரேக்குக்காக வேன்களை முழுதாக மூடும் கனரக வாகனங்களுக்கு இதுவே ஏற்றது. குறை செலவில் இருக்கிறது: பல்சக்கரம் தேய்ந்தாலோ, இணைப்பியில் ஈரம் புகுந்தாலோ, டர்போவின் வெப்பத்தில் சர்க்யூட் பழுதானாலோ தனிப்பாகம் கிடைப்பது அரிது, முழு ஆக்சுவேட்டரை மாற்றி, ஸ்கேனரால் அதன் இரு எல்லைகளையும் புதிதாகக் கற்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் வேன்கள் எங்கே போய் நிற்கும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

வேக்குவம் அமைப்பு நல்ல நிலையில் இருக்கும் காரில் அதை மின்மோட்டாருக்கு மாற்றுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பழைய மெக்கானிக்கல் இன்ஜினில் வேன் டர்போவைப் பொருத்த நினைப்பவருக்குத்தான் மின்மோட்டாரும் தனிக் கண்ட்ரோலரும் உண்மையான தேர்வு. அங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. பூஸ்ட்டை மட்டும் பார்த்து வேன்களை இயக்கும் கண்ட்ரோலர், உயர் வேகத்தில் அழுத்தம் சற்றுக் குறைந்தவுடன் வேன்களை மூடும், பின்னழுத்தம் உயரும், காற்றோட்டம் இன்னும் குறையும், கண்ட்ரோலர் இன்னும் மூடும். இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப மூடுதலுக்கு ஓர் எல்லை வகுக்கவும், இயன்றால் எக்ஸாஸ்ட் அழுத்தத்தையும் அளக்கவும் கூடிய கண்ட்ரோலர் அவசியம். இஜிஆர் உள்ள இன்ஜினில் இதே வேன்கள்தான் எக்ஸாஸ்ட் வாயுவை மீண்டும் உள்ளே தள்ளத் தேவையான அழுத்தத்தையும் உண்டாக்குகின்றன என்பதால், அங்கே தனிக் கண்ட்ரோலர் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கெடுக்கும்.

மின்சாரத்தால் சுழலும் கம்ப்ரஸரை, ஒப்பீடு முழுமையாக வேண்டும் என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். 2016-இல் ஆடி எஸ்க்யூ7 டீசலில் வந்த 48 வோல்ட் கம்ப்ரஸர், 7 கிலோவாட் மோட்டாரால் கால் நொடிக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70,000 சுற்று வேகத்தை எட்டி, டர்போ விழிக்கும் முன்பே காற்றைக் கொடுத்தது. அந்த இன்ஜின் 1000 சுற்றுகளிலேயே 900 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. தாமதத்தை இவ்வளவு முழுமையாகத் தீர்க்கும் வழி வேறில்லை. ஆனால் 7 கிலோவாட்டை 12 வோல்ட்டில் எடுக்க 580 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும் என்ற ஒரே கணக்கு, ஓடும் வண்டியில் இதைப் பின்னால் பொருத்தும் எண்ணத்தை முடித்துவைக்கிறது.

பொருத்திய பிறகு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அமைப்பைச் சரிபார்ப்பது பதிவெடுத்துத்தான். உயர்ந்த கியரில், 1500 சுற்றுகளிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, இலக்கு அழுத்தம், உண்மையான அழுத்தம், ஆக்சுவேட்டரின் டியூட்டி மூன்றையும் ஒரே வரைபடத்தில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இலக்கு 2.2 பார் என்றிருக்க, உண்மையான அழுத்தம் 2300 சுற்றுகளில் 2.45 வரை தாண்டிப்போய், பிறகு 2.1-க்கு விழுந்து, மறுபடி ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஏறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கண்ட்ரோலர் பிழையைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே வந்து, இலக்கை எட்டிய பிறகும் கைவிட மனமில்லாமல் கதவை மூடியே வைத்திருந்ததன் அடையாளம் அது. பிழையைக் கூட்டும் பகுதியின் வலுவைக் குறைத்து, தொடக்க டியூட்டியை உண்மைக்கு அருகில் அமைத்தால் தாண்டல் அடங்கும். அழுத்தம் இலக்குக்குக் கீழேயே நிற்க, டியூட்டி மட்டும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால், எந்த எண்ணையும் மாற்றாமல் கசிவையோ சிக்கிய வேனையோ தேட வேண்டும்.

டர்பைனுக்கு முன் வெப்பமானி ஒன்றைப் பொருத்தாமல் டீசலைக் கூட்டக் கூடாது. நீண்ட ஏற்றத்தில் முழுச் சுமையோடு போகும்போது வெப்பம் 700 டிகிரியை நெருங்கி, நிலைக்காமல் ஏறிக்கொண்டே இருந்தால், அலுமினியப் பிஸ்டனுக்கு அது நல்லதல்ல. அப்போது பூஸ்ட்டைக் கூட்டிக் குளிர்விக்கலாம் என்ற ஆசை வரும். கம்ப்ரஸர் ஏற்கெனவே தன் எல்லையில் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் பூஸ்ட் சூடான காற்றையும் பின்னழுத்தத்தையும்தான் கொண்டுவரும். அங்கே குறைக்க வேண்டியது டீசலை.